துறைமுகத்தில் தங்கும் நாள்: படகில் செல்லும் தம்பதியரின் கேள்விகளும் பதில்களும்

சிறிய பாய்மரப் படகில் இருவராகப் பயணம் செய்யும் வாசகர்கள் பலர் இம்முறை எழுதியிருக்கிறார்கள். கடலில் செல்லும் நாட்களைவிட, எங்கும் புறப்படாமல் துறைமுகத்திலேயே தங்கும் நாளைப் பற்றித்தான் கேள்விகள் அதிகமாக வந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் இரண்டு வாரப் படகுப் பயணத்துக்கு ஆயத்தமாகிறோம். ஒவ்வொரு நாளும் ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குச் செல்வதாக அவர் அட்டவணை போட்டிருக்கிறார். நடுவில் ஒரு நாள் சும்மா இருக்கலாமே என்றால், அது வீணாகிப் போகும் நாள் என்கிறார். அவர் சொல்வது சரியா?

சரியில்லை என்றே சொல்வேன். எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற பிரிட்டிஷ் தம்பதி ‘வாண்டரர்’ என்று பெயரிட்ட தங்கள் படகுகளில் மூன்றாவதான, 30 அடி நீளமே உள்ள பாய்மரப் படகில் 1952ஆம் ஆண்டு புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 1955ஆம் ஆண்டு திரும்பினார்கள். ஒரே திசையில் நிலையாக வீசும் வியாபாரக் காற்றுகளை அனுசரித்து உலகைச் சுற்றும் பாதை பொதுவாக 25,000 முதல் 30,000 கடல்மைல் (ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர்) வரை வரும். அந்த அளவுள்ள படகு பாய் விரித்து ஓடினால் ஒரு நாளில் சராசரியாக 100 கடல்மைலுக்குச் சற்று மேல் கடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று ஆண்டுகள் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள், அவற்றில் கடலில் ஓடியவை ஏறக்குறைய 300 நாட்களுக்குள் அடங்கிவிடும். மற்ற நாட்களெல்லாம் நங்கூரத்திலோ கரையோரம் கட்டிக்கொண்டோ கழிந்திருக்க வேண்டும். அவ்வளவு நெடிய பயணத்திலேயே தங்கும் நாட்கள்தான் பெரும்பகுதி என்றால், இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்கூட ஒதுக்காமல் ஓடுவதற்கு என்ன அவசியம் இருக்கிறது?

இதில் உடல் சார்ந்த காரணமும் உண்டு. ஓடும் படகில் உட்கார்ந்திருப்பவரின் உடல்கூட ஓய்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு அலைக்கும் இடுப்பும் கழுத்தும் கால்களும் தம்மையறியாமல் ஈடுகொடுத்துக்கொண்டே இருக்கின்றன. வெயிலும் காற்றும் இரைச்சலும் சேர்ந்து களைப்பைக் கூட்டுகின்றன. படகில் இருப்பவர்கள் இருவர் மட்டுமே என்பதால், ஒருவர் களைத்துவிட்டால் பாதிப் பணியாளர்கள் களைத்துவிட்டதாக ஆகிறது. அந்தக் களைப்பு பெரும்பாலும் நடுக்கடலில் வெளிப்படுவதில்லை. மாலையில் துறைக்குள் நுழையும்போது தூரத்தைத் தவறாகக் கணிப்பதிலும், கயிற்றைத் தவறான வளையத்தில் மாட்டுவதிலும், ஒருவரையொருவர் கடிந்து பேசுவதிலும் அது தெரியவரும்.

மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒரு நாளைப் பெயரிடாமல் விட்டுவையுங்கள் என்பது என் யோசனை. அந்த நாள் எது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். காற்று ஒத்துவராத நாள் வந்தால் அதை அதற்குப் பயன்படுத்தலாம். வராவிட்டால் மனத்துக்குப் பிடித்த ஒரு துறையில் செலவிடலாம். தேதி குறித்து வைத்த ஓய்வு நாளில் அருமையான காற்று வீசி, அதற்கு அடுத்த நாளில் பலத்த காற்று அடித்தால், அட்டவணையின் பொருட்டுத் தவறான நாளில் புறப்படத் தோன்றும். பயணத்தின் கடைசிக் கட்டத்தைக் குறுகியதாக வைத்துக்கொண்டால் அந்த நெருக்கடி வெகுவாகக் குறையும்.

கேள்வி: ஓய்வு நாளை நங்கூரம் போட்டுக் கழிப்பது நல்லதா, படகுத்துறையில் கட்டிக்கொண்டு கழிப்பது நல்லதா? நாங்கள் இருவருமே படகுப் பயணத்துக்குப் புதியவர்கள்.

எனக்கு நங்கூரத்தில் நிற்பதே பிடிக்கும். நங்கூரத்தில் நிற்கும் படகு, நீரோட்டம் வலுவாக இல்லாதவரை, காற்று வரும் திசையை நோக்கியே திரும்பி நிற்கிறது. அதனால் முன்பக்கத்துக் கூரைத் திறப்பின் வழியாக அறைக்குள் எப்போதும் காற்றோட்டம் இருக்கும்; பக்கத்துப் படகினரின் பேச்சும் நடமாட்டமும் நம்மை எட்டாது. ஆயினும் புதியவர்கள் முதல் ஓய்வு நாளைப் படகுத்துறையில் கழிப்பதே நல்லது. நங்கூரத்தில் விட்ட படகை விட்டுவிட்டு இருவரும் ஒன்றாகக் கரையில் நெடுநேரம் உலாவ, நங்கூரத்தின் மீது நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை பழக்கத்தால்தான் வரும். மனம் படகிலேயே கிடக்க, உடல் மட்டும் கரையில் நடந்தால் அதில் ஓய்வில்லை.

நங்கூரம் போடுவதானால் கணக்கை ஒழுங்காகப் போடுங்கள். ஆழம் என்பது அந்த வேளையில் ஆழமானி காட்டும் எண் மட்டுமன்று. இனி ஏறவிருக்கும் நீரின் உயரத்தையும், நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம், அதாவது முன்முனை, நிற்கும் உயரத்தையும் அதனுடன் கூட்ட வேண்டும். இப்போது நீர் 4 மீட்டர், இன்னும் 2 மீட்டர் ஏறும், அணியம் 1 மீட்டர் உயரம் என்று கொண்டால் மொத்தம் 7 மீட்டர். முழுவதும் சங்கிலியாக இருந்தால் அதைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் விடுவது பொதுவான வழக்கம். பெரும்பகுதி கயிறாக இருந்தால் ஏழு மடங்குக்குக் குறையாமல் விட வேண்டும். இழுவை கிடைமட்டமாக இருந்தால்தான் நங்கூரத்தின் நாக்கு மண்ணில் ஆழ இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் அது பெயர்ந்துவிடும். இந்த நீளம் எல்லாம் அதற்காகத்தான். விட்ட பிறகு எஞ்சினை மெல்லப் பின்னோக்கி இயக்கி, நங்கூரம் பிடித்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

35 மீட்டர் சங்கிலியும் 10 மீட்டர் நீளப் படகும் சேர்ந்து, காற்று திரும்பும்போது ஏறத்தாழ 45 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றிவரும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த வட்டத்துக்குள் பாறையோ, ஆழமற்ற இடமோ, வேறொரு படகோ இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கரையைப் பார்த்து, ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கும் இரண்டு பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னால் ஒரு கம்பம், பின்னால் ஒரு கட்டடத்தின் மூலை என்பதுபோல. காற்றின் திசை மாறாதிருக்கும்போது அந்த இரண்டும் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள். ஜிபிஎஸ் அலாரத்தையும் போட்டு வையுங்கள். கண்ணால் பார்ப்பதையும் விடாதீர்கள். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளின்படி, நங்கூரத்தில் நிற்கும் படகு பகலில் முன்பகுதியில் ஒரு பந்து அடையாளத்தையும், இரவில் எல்லாத் திசைகளிலும் தெரியும் வெள்ளை விளக்கையும் காட்ட வேண்டும். பகல் அடையாளத்தைப் பலர் ஏற்றுவதே இல்லை. அது சிறிய வேலைதான், தயவுசெய்து செய்யுங்கள்.

படகுத்துறையில் கட்டும்போது அணியத்திலிருந்து ஒரு கயிறும், பின்முனையாகிய அமரத்திலிருந்து ஒரு கயிறும் மட்டும் போதாது. படகு முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, அணியத்திலிருந்து பின்னோக்கி ஒன்றும், அமரத்திலிருந்து முன்னோக்கி ஒன்றுமாகக் குறுக்கே செல்லும் இரண்டு கயிறுகள் வேண்டும். மிதக்கும் மேடையானால் அது படகுடன் சேர்ந்தே ஏறி இறங்கும், கற்சுவரானால் அப்படியில்லை. நீர் வற்றும்போது கயிறு இறுகிப் படகு சாய்ந்து தொங்காத அளவுக்கு நீளம் விட வேண்டும்; குறுக்குக் கயிறுகளும் நீளமானவையாக இருந்தால் நல்லது. கட்டுவதற்கு நைலான் கயிறே ஏற்றது, அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். சுவரின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய குழாய்த் துண்டையோ தடித்த துணியையோ சுற்றிவிடுங்கள். ஓர் இரவு முழுதும் உரசினால் புதிய கயிறும் அறுந்துபோகலாம்.

இடமில்லாத துறைகளில் ஒரு படகின் பக்கத்தில் இன்னொரு படகைக் கட்ட நேரும். அப்போது முதலில் அனுமதி கேளுங்கள். இரண்டும் உரசாமல் காக்கும் மெத்தை போன்ற ஃபெண்டர்களை இடையில் போதுமான அளவு தொங்கவிடுங்கள். அவர்கள் மறுநாள் எப்போது புறப்படுகிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் படகின் பாரம் அவர்களுடைய கயிறுகளின் மீது விழாதபடி கரைக்கு நேரே உங்களுடைய கயிறுகளையும் கொண்டுபோய்க் கட்டுங்கள். கரைக்குச் செல்லும்போது அவர்கள் அமர்ந்திருக்கும் பகுதியின் வழியே போகாமல் முன்தளத்தின் வழியாக, மெல்லக் காலெடுத்து வைத்துக் கடந்து செல்வதே படகினரிடையே மரியாதை. பாய் ஏற்றும் கயிறுகள் பாய்மரத்தில் மோதி இரவெல்லாம் ஓசை எழுப்பாமல், அவற்றைப் பக்கத்துக்கு இழுத்துக் கட்டுவதும் அதே மரியாதையைச் சேர்ந்தது.

கேள்வி: ஓய்வு நாள் என்று பெயர்தான். என் கணவர் காலையில் கருவிப் பெட்டியைத் திறந்தால் மாலை வரை மூடுவதில்லை. படகைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், நாளும் எங்களுக்கு மிஞ்ச வேண்டும். எந்த வேலைகளைச் செய்வது, எவற்றை விடுவது?

உங்கள் கணவரின் அக்கறையை நான் மதிக்கிறேன். துறைமுகத்தின் அசையாத நீரில்தான் சில வேலைகளைச் சரியாகச் செய்ய முடியும். ஆனால் படகில் வேலைக்கு முடிவு என்பதே கிடையாது என்பதால், எல்லையை வேலையில் தேடாமல் நேரத்தில் வையுங்கள். காலையில் இரண்டு மணி நேரம், இருவருமாகச் சேர்ந்து. அடுத்த பயணத்தில் படகு மூழ்காமலிருக்கவும், எஞ்சின் நிற்காமலிருக்கவும், பாயும் பாய்மரமும் ஒழுங்காயிருக்கவும் தேவையானவை மட்டும் அந்த நேரத்துக்குரியவை. மெருகேற்றுவது, அலமாரிக்குப் புதுக் கொக்கி போடுவது போன்றவை ஊர் திரும்பிய பிறகு செய்யக்கூடியவை.

பில்ஜ் எனப்படும் அடிக்குழியிலிருந்து தொடங்குங்கள். அங்கே நீர் இருந்தால் இறைத்துத் துடைத்துவிட்டு, மறுபடி எங்கிருந்து கசிகிறது என்று காத்திருந்து பாருங்கள். புதிதாகக் கசியும் துளி உப்பு நீரா, நன்னீரா என்பதே பாதி விடையைத் தந்துவிடும்: உப்பு நீரானால் சுழலியின் (எஞ்சின் சுழற்றிப் படகைத் தள்ளும் விசிறியின்) தண்டு, படகின் உடலிலுள்ள நீர்த்துளைகளை மூடித் திறக்கும் அடிவால்வுகள், அவற்றின் குழாய்கள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும், நன்னீரானால் குடிநீர்த் தொட்டியோ அதன் இணைப்போ கசிகிறது, அல்லது மழைநீர் மேலிருந்து இறங்குகிறது. பில்ஜ் பம்பின் மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கி, பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அடிவால்வுகள் ஒவ்வொன்றையும் ஒருமுறை மூடித் திறங்கள். பயன்படுத்தாமலே விட்ட வால்வு, தேவைப்படும் நாளில் இறுகிக்கொண்டு திரும்பாது.

எஞ்சினில் எண்ணெய் அளவு, பெல்ட்டின் இறுக்கம், கடல்நீர் வடிகட்டியில் சிக்கிய பாசி, எரிபொருள் வடிகட்டியின் அடியில் தேங்கிய நீர் ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். டீசல் எஞ்சின் கடலில் நின்றுபோவதற்கு எரிபொருளில் கலந்த அழுக்கும் நீரும் முக்கியமான காரணங்கள். அலையில் தொட்டி குலுங்கும்போது அடியில் படிந்திருந்தது மேலெழுந்து குழாய்க்குள் போகிறது. அதனால்தான் அமைதியான நீரில் நன்றாக ஓடிய எஞ்சின் துறைவாயின் அலையில் நின்றுவிடுகிறது.

மின்கலத்தைச் சார்ஜ் செய்யாமலும் எதையும் இயக்காமலும் சில மணி நேரம் விட்டு அளந்தால், 12 வோல்ட் ஈய அமில மின்கலம் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும்; 12.2 அளவுக்கு வந்தால் பாதி தீர்ந்துவிட்டது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அடிக்குழியில் தங்கி, சிறு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே சமைத்து முடித்த ஒவ்வொரு முறையும் சிலிண்டரிலேயே வால்வை மூடும் பழக்கத்தை இருவரும் கைக்கொள்ளுங்கள். குப்பையைக் கரையில் உரிய இடத்தில் சேர்ப்பதும் இந்தக் காலை வேலைகளில் ஒன்று. கப்பல்களால் கடல் மாசடைவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து, கடலில் எந்த இடத்திலும் பிளாஸ்டிக்கை எறியக் கூடாது; அந்தத் தடை சிறிய உல்லாசப் படகுகளுக்கும் பொருந்தும்.

இரண்டு மணி நேரம் முடிந்ததும் மீதியை ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் பெட்டியை மூடிவிடச் சொல்லுங்கள். எழுதிவைத்த வேலை மனத்தை அரிக்காது. இந்த வேலைகளில் பாதியை நீங்களே செய்யக் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சினைப் பற்றி ஒருவருக்கு மட்டுமே தெரிந்த படகில், அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இருவருமே ஆபத்தில் இருக்கிறார்கள்.

கேள்வி: துறைமுகத்தில் தங்கும் நாளில் என் மனைவி என்னிடமிருந்து சற்று விலகித் தனியே இருக்க விரும்புகிறார். ஒன்றாக இருப்பதற்காகத்தானே பயணம் வந்தோம் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வருத்தம் இயல்பானது. ஆயினும் அவருடைய விருப்பத்தில் உங்கள் மீதான வெறுப்பு எதையும் தேட வேண்டாம். வீட்டில் இருவர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும், ஒரு நாளில் எத்தனையோ மணி நேரம் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு வேலைகளில் கழிகிறது. படகில் அந்த இடைவெளி அறவே இல்லை. ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர் காலை மடக்க வேண்டியிருக்கிறது. அதோடு, கடலில் இருக்கும்போது ஒருவர் சொல்லும் சொல் பெரும்பாலும் ஒரு கட்டளையாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கிறது: கயிற்றை விடு, வலப்பக்கம் பார், தலையைக் குனி. பல நாட்கள் அப்படியே பேசிப் பழகிய பிறகு, சிறிது நேரம் எந்தக் குரலும் இல்லாமல் இருக்க மனம் ஏங்குவதில் வியப்பில்லை.

அவர் முற்பகலில் கரைக்குப் போய் வரட்டும். நீங்கள் படகில் இருங்கள். பிற்பகலில் மாற்றிக்கொள்ளுங்கள். நங்கூரத்தில் நிற்கிறீர்கள் என்றால், சிறு தோணியில் தனியே செல்பவர் உயிர்காப்பு அங்கி அணிந்து, படகுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் கையடக்க விஎச்எஃப் ரேடியோவை எடுத்துச் செல்ல வேண்டும். திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மாலையில் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்ல ஏதேனும் இருக்கும். எப்போதும் ஒன்றாகவே இருந்தவர்களுக்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

தூக்கத்தையும் மறக்க வேண்டாம். இரவுப் பயணத்தில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறிக் காவல் இருந்துவிட்டு வந்தவர்கள் துண்டு துண்டான தூக்கமே தூங்கியிருப்பார்கள். துறைக்கு வந்த முதல் காலை இருவரும் ஒரே நேரத்தில், அலாரம் வைக்காமல் தூங்குவதற்கு உரியது. கரையில் இறங்கியதும் தரை ஆடுவதுபோலத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். அசைவுக்குப் பழகிய மூளை அசையாத தரைக்குத் திரும்பச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது ஓரிரு நாளில் நீங்கிவிடும். பல வாரங்கள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தனிமைக்குப் பிறகு, மாலையில் ஒரு மணி நேரத்தை ஒன்றாகச் செய்யும் ஒரு பயிற்சிக்கு ஒதுக்கினால் மிகுந்த பலன் உண்டு. வழக்கமாகச் சுக்கான் பிடிப்பவர் கயிற்றுக்குப் போகட்டும். கயிறு பிடிப்பவர் சுக்கானுக்கு வரட்டும். துறைக்குள் காலியான இடத்தில், காற்றில்லாத வேளையில், படகை நிறுத்தவும் பின்னோக்கி எடுக்கவும் பழகுங்கள். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழன்று படகை முன்னே தள்ளும் சுழலி, பின்னோக்கி இயக்கும்போது அமரத்தை இடப்பக்கம் இழுக்கும் என்பது போன்ற செய்திகள் சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்த்தால் கையில் நிற்கும். கரையை நெருங்கும்போது கத்தாமலிருக்க, நிறுத்து, மெதுவாக, பின்னே போ, கட்டியாயிற்று என்பவற்றுக்கு நான்கு கைச்சைகைகளை முடிவு செய்துகொள்ளுங்கள். நேற்று கட்டும்போது எழுந்த மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பதற்கும் இதுவே நல்ல நேரம். இடம் மாறி நின்று பார்த்தவருக்கு மற்றவரின் சிரமம் விளங்கியிருக்கும்.

கேள்வி: வெயில் கடுமையாக இருக்கும்போது படகின் பக்கத்திலேயே நீரில் இறங்கி நீந்தலாமா?

மின் இணைப்பு உள்ள படகுத்துறைக்குள் வேண்டவே வேண்டாம். பழுதான ஒரு படகின் கம்பியிலிருந்து நீருக்குள் மின்சாரம் கசிந்தால், நீந்துபவரின் தசைகள் செயலிழந்து அவர் ஓசையின்றி மூழ்கிவிடுவார். உடல் நன்னீரைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்துவதால் ஏரி, ஆற்றுத் துறைகளில் இந்த ஆபத்து மிகுதி. கடல்நீரில் இது குறைவு என்றாலும், சுழலும் விசிறிகளும் கழிவு நீரும் அங்கேயும் உண்டு.

திறந்த நங்கூரத் தங்கலில் நீந்தலாம். இறங்குவதற்கு முன் ஏணியைக் கீழே இறக்குங்கள். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். மிதக்கும் ஒரு பொருளை நீரில் இட்டு நீரோட்டம் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று பாருங்கள். முனையில் மிதவை கட்டிய நீண்ட கயிறு ஒன்று அமரத்திலிருந்து நீரில் மிதந்துகொண்டிருக்கட்டும். ஒருவர் நீந்தும்போது மற்றவர் தளத்தில் இருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து குதித்த பிறகுதான் ஏணி மேலே மடிந்திருப்பது தெரியவந்தால், வழவழப்பான பக்கச் சுவரைப் பற்றி ஏற வழியே இல்லை.

கேள்வி: ஒரு நாள் தங்கியாயிற்று. மறுநாள் புறப்படுவதா, இன்னும் ஒரு நாள் இருப்பதா என்பதில் எங்களுக்குள் எப்போதும் வாக்குவாதம். எனக்குப் பயம், அவருக்கு அவசரம். யார் சொல்வதைக் கேட்பது?

இந்தக் கேள்விக்கு நான் உறுதியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்: புறப்படுவதற்கு இருவரின் சம்மதமும் வேண்டும், தங்குவதற்கு ஒருவரின் சொல்லே போதும். தங்கச் சொல்பவர் காரணத்தை விளக்கி வாதிட்டு வெல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கூடாது. இரண்டு தவறுகளும் சமமானவை அல்ல என்பதால் இப்படிச் சொல்கிறேன். தேவையின்றித் தங்கினால் இழப்பது ஒரு நாள். தேவையின்றிப் புறப்பட்டால், அஞ்சிக்கொண்டே சுக்கான் பிடிக்கும் ஒருவரும் அவரைத் தேற்றிக்கொண்டே பாய் மாற்றும் ஒருவருமாக நாள் முழுதும் கழியும். அந்த அச்சம் அடுத்த பயணத்துக்கும் தொடரும். இருவர் மட்டும் உள்ள படகில் துணையின் மனத்தளர்ச்சியும் பாய்மரத்தில் விழுந்த விரிசலைப் போலவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அதே வேளையில் அச்சத்துக்கு எண்களின் துணையைத் தேடிக்கொள்வது உங்களுக்கு உதவும். பிரான்சிஸ் போஃபர்ட் 1805ஆம் ஆண்டு வகுத்த காற்றளவையின் இன்றைய வடிவில், 4ஆம் நிலை என்பது 11 முதல் 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகம்; 6ஆம் நிலை 22 முதல் 27 நாட். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால், 12 நாட் காற்று 24 நாட் ஆகும்போது பாயின் மீது விழும் சுமை நான்கு மடங்காகிறது. இதைத் தெரிந்துகொண்டு, எத்தனை நாட் வரை நாம் புறப்படுவோம் என்ற எல்லையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்தின் காலைவேளையில், பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு எடுக்கும் முடிவைவிட அது நிதானமானது.

வானிலை அறிக்கையை மாலையில் ஒருமுறையும் அதிகாலையில் ஒருமுறையும் பாருங்கள். இடையில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். மணிக்கொருதரம் பார்த்துக் கவலைப்பட்டால் ஓய்வு நாள் ஓய்வாக இருக்காது. காற்றழுத்தமானி இருந்தால் அதன் அளவை மட்டும் அவ்வப்போது நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால், அறிக்கை என்ன சொன்னாலும் கயிறுகளை இரட்டிப்பாக்கிவிட்டுத் தங்கியிருங்கள். வெப்பமண்டலக் கடல்களில் அழுத்தம் இயல்பாகவே நாளுக்கு இருமுறை ஏறியிறங்குவதால், முந்தைய நாள் அதே நேரத்தின் அளவோடு ஒப்பிடுவது முறை.

ஏற்றவற்றக் கணக்கையும் மாலையிலேயே போட்டுவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இருப்பதால், இன்று வந்ததைவிட நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும், ஓட்டமும் வேகமாக இருக்கும். அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த நீரில் பாதி வந்துவிடுகிறது என்பதால், குறுகிய துறைவாயில் ஓட்டம் மிகக் கடுமையாக இருப்பதும் அப்போதுதான். நீர் வெளியே ஓட, காற்று எதிரே வீசினால் அலைகள் செங்குத்தாக எழுந்து நெருங்கிவரும்; துறைக்குள் அமைதியாகத் தோன்றும் நாளிலும் வாயில் கடப்பதற்கு அரிதாகிவிடும். நீர் நிற்கும் வேளையில், அல்லது காற்றும் நீரும் ஒரே திசையில் போகும்போது வெளியேறத் திட்டமிடுங்கள்.

பலத்த காற்று ஓய்ந்த மறுநாளிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காற்று நின்ற உடனே கடல் அடங்கிவிடுவதில்லை; முந்தைய நாளின் பேரலைகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பாயை நிறுத்திப் பிடிக்கக் காற்றில்லாமல், அந்த அலையில் படகு இரு பக்கமும் புரண்டுகொண்டே போவது இருவருக்கும் குமட்டலைத்தான் தரும். துறைவாயின் சுவர்வரை நடந்துபோய் வெளிக்கடலை இருவருமாகக் கால் மணி நேரம் பாருங்கள். அங்கு நின்று பார்க்கும்போது ஒருவருக்காவது தயக்கம் இருந்தால் அன்றும் தங்கிவிட்டு, அடுத்த அறிக்கை வரும் மாலையில் மறுபடி முடிவு செய்யுங்கள்.